முறிந்த பிறேக் நிப்பிளைக் கழற்றிச் சீராக்குவது

வன்னியின் செம்மண் பாதைகளில் ஓடும் பழைய கார்களில் பிளீடர் நிப்பிள் (பிறேக் ஒயிலில் சேரும் காற்றை வெளியேற்றும் துளையுள்ள சிறு திருகாணி) கெடுவது பெரும்பாலும் அதன் றப்பர் மூடி தொலைவதில்தான் தொடங்கும். கோடையில் புழுதியும் மாரியில் சேறும் துளைக்குள் இறங்கி மறையில் (திருகு வரியில்) துருவேறும். பிறகு எயார் எடுக்க ஸ்பனர் போட்டதும் தலை முறியும். மொறிஸ் மைனர் போன்றவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழி. ஒரு நிப்பிள் கசிந்தாலே முழுப் பிறேக்கும் போய்விடும்.

முதலில் முறியாமல் கழற்றப் பாருங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். நிப்பிளின் துளைக்குள் அளவான ட்றில் பிற்றின் காம்பைச் செருகினால் முறுக்கும்போது சுவர் நசியாது. ஆறு மூலைச் சொக்கற் மட்டும் போடுங்கள். மற்றவை மூலையை உருட்டிவிடும். சற்று இறுக்கிவிட்டு இளக்குங்கள். அசையாவிட்டால் நிப்பிள் பூட்டியிருக்கும் சில்லுப் பிறேக் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்ரன், றப்பர் எல்லாம் எடுத்து, ஒயிலை முற்றாகத் துடைத்தபின் வார்ப்பிரும்பைச் சூடாக்கலாம். மிச்ச ஒயில் தீப்பற்றும், கவனம். டிஸ்க் பிறேக்கின் அலுமினியக் கலிப்பருக்கு இந்த முறை வேண்டாம்.

தலை முறிந்துவிட்டதா? புதுச் சிலிண்டர் கிடைக்குமானால் அதையே போடுங்கள். கிடைக்காத வண்டிக்குத்தான் மீதி வேலை.

ஒயிலைத் தடுப்பது மறை அல்ல. நிப்பிளின் கூம்பு முனை துளையின் அடியில் பதிந்துதான் அடைக்கிறது. அந்த இடத்தில் ட்றில் பட்டால் சிலிண்டர் வீண். ஆகவே புது நிப்பிளின் நீளத்தை அளந்து, முனைக்கு 3 மி.மீ. முன்னரே நிற்கும்படி பிற்றில் ரேப் சுற்றிக் குறி வையுங்கள். நிப்பிளின் நடுத் துளையே வழிகாட்டும், 3 மி.மீ. பிற்றில் தொடங்கி அரை மி.மீ. வீதம் பெருப்பியுங்கள். இடமுறுக்குப் பிற் (இடப்பக்கம் சுழன்று வெட்டுவது) இருந்தால் இடையிலேயே துண்டு சுழன்று வந்துவிடும். உள்ளே திருகி இழுக்கும் கூம்பாணியைப் பலவந்தப்படுத்த வேண்டாம். அது கடினமான உருக்கு, உள்ளே முறிந்தால் சாதாரண ட்றில் அதை வெட்டாது.

மறையைத் தட்டையடி டப்பால் (அடிவரை மறை வெட்டும் கருவியால்) துப்புரவாக்கும் முன் அளவைச் சரிபாருங்கள். 10 மி.மீ. மறையும் 3/8 அங்குல மறையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். அங்குல நிப்பிள் 10 மி.மீ. துளைக்குள் தளர்வாக ஏறி, மிதிக்கும்போது தெறித்துவிடும். 8 மி.மீ. வரையான துளையில் மறையே போயிருந்தால் 1/8 அங்குலக் கூம்பு மறை வெட்டி, உள்ளே நிப்பிள் கொண்ட திருத்தக் குழலைப் பூட்டலாம். அதைவிடப் பெரிய துளைக்கு அது பிடிக்காது. ரேப்போ பசையோ சுற்றிச் சமாளிப்பது ஆபத்து.

இரும்புத் தூளைக் காற்றால் குழாய்ப் பக்கமிருந்து வெளியே ஊதுங்கள். மண்ணெண்ணெயில் கழுவினால் றப்பர் ஊதிப்போகும், ஸ்பிரிட்டே சரி. புது நிப்பிளைக் குட்டை ஸ்பனரால் மணிக்கட்டுப் பலத்தில் இறுக்கினால் போதும். எயார் எடுக்கும்போது, ஸ்ரியறிங் வலப்பக்கம் உள்ள வண்டியில் பெரும்பாலும் பின் இடச் சில்லில் தொடங்குங்கள். பிறகு ஒருவர் பிறேக்கை ஒரு நிமிடம் அழுத்தி மிதிக்க, நிப்பிளைச் சுற்றிக் காய்ந்த கடதாசியைப் பிடியுங்கள். ஈரம் பட்டால் வண்டியை வளவை விட்டு எடுக்க வேண்டாம்.