மெதுவான இணைப்பில் நியூஸ்போட்: எங்கே தவறு நடக்கிறது?

டெர்மினல் என்ற எழுத்து மட்டும் உள்ள கட்டளைத் திரையில் ஓடும் செய்தி வாசிப்பான்தானே, படமும் இல்லை, விளம்பரமும் இல்லை, எந்த லைனிலும் ஓடிவிடும் என்று நியூஸ்போட்டை நிறுவியதும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'டவுன்லோட்-டைம்அவுட்' அமைப்பு இயல்பாக 30 நொடி. ஒரு ஃபீட், அதாவது ஒரு தளம் தன் புதிய செய்திகளைத் தொகுத்துத் தரும் கோப்பு, முழுதாக இறங்கி முடிய அவ்வளவுதான் கெடு. டேட்டா தீர்ந்தபின் கிடைக்கும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் நொடிக்கு 8 கேபி வரும். 30 நொடிக்கு 240 கேபி. 300 கேபி ஃபீட் என்றால் பாதிக்கு மேல் வந்து அறுந்துவிடும். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். டேட்டா போய்க்கொண்டே இருக்கும், ஒரு செய்தியும் வராது. 120 என்று மாற்றுங்கள்.

இதை இன்னும் மோசமாக்குவது, ஒரே நேரத்தில் எத்தனை ஃபீட் இறங்கலாம் என்று சொல்லும் 'ரீலோட்-த்ரெட்ஸ்'. யாரோ வேகமான லைனில் வைத்திருக்கும் கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பை அப்படியே நகலெடுத்தால் அதில் 8, 20 என்றெல்லாம் இருக்கும். எட்டு ஃபீட் ஒரே நேரத்தில் இறங்கினால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 1 கேபிதான். எட்டும் கெடு தாண்டி விழும். இயல்பான 1 போதும். வேகம் பரவாயில்லை, சர்வரிடமிருந்து பதில் வரத்தான் தாமதம் என்றால் மட்டும் 2 வைத்துப் பார்க்கலாம்.

ஒரு ஃபீடில் 20 செய்தி மட்டும் வைத்துக்கொள்ள 'மேக்ஸ்-ஐட்டம்ஸ் 20' என்று போட்டால் டேட்டா மிச்சம் என்பது வெறும் நம்பிக்கை. கோப்பு முழுதாக இறங்கிய பிறகே மீதியை அது கழிக்கிறது. வேண்டாத செய்திகளை ஒதுக்கும் 'இக்னோர்-ஆர்ட்டிகிள்' விதிகளும் அப்படியே. குறைக்க வேண்டியது ஃபீட் முகவரிகள் இருக்கும் யூஆர்எல் பட்டியலைத்தான்.

உண்மையில் மிச்சம் பிடிப்பது, இறங்கிய செய்திகளைச் சேமித்து வைக்கும் கேஷ் கோப்பு (கேஷ்.டிபி). போன முறை சர்வர் தந்த ஈடேக் (ஃபீடின் அந்தப் பதிப்புக்கான அடையாளக் குறி), கடைசியாக மாறிய நேரம் இரண்டும் அதில் இருக்கும். ஃபீட் மாறவில்லை என்றால் 304 (மாற்றமில்லை) என்ற சிறு பதிலோடு வேலை முடிந்துவிடும். 'சுத்தம் செய்கிறேன்' என்று கேஷ்.டிபியை அழித்தால் எல்லாம் புதிதாக இறங்கும், படித்தவையும் படிக்காதவையாகிவிடும். 'ஆல்வேஸ்-டவுன்லோட்' வரி இருந்தால் நீக்கிவிடுங்கள். அதில் குறித்த ஃபீடுகளுக்கு, மாறியிருக்கிறதா என்ற இந்தச் சோதனையே நடக்காது.

தானாகப் புதுப்பிக்கும் 'ஆட்டோ-ரீலோட்' வேண்டாம். படிக்கும்போது பெரிய ஆர் அழுத்தினால் எல்லா ஃபீடும் புதுப்பிக்கப்படும்; வேண்டிய ஒன்றுக்குச் சின்ன ஆர் போதும். மொத்தத்தையும் விடியற்காலையில், குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் '-எக்ஸ் ரீலோட்' கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இரவு நியூஸ்போட்டை மூடாமல் தூங்கினால், ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது என்று சொல்லி கிரான் வேலை நின்றுவிடும்.