ஒதுக்குப்புற கோல்ஃப் கிளப் பிழைக்க இரண்டு ராத்திரி போதும்

முதலில் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். புல்வெட்டு, டீசல், மோட்டார் கரண்டு, ஆள் சம்பளம் எல்லாம் சேர்ந்த வருடச் செலவில் சந்தா வரவைக் கழித்தால் எவ்வளவு துண்டு விழுகிறது? ஆறு லட்சம் என்று வையுங்கள். வெளியூரிலிருந்து வரும் ஒருவர், சாப்பாடு, வண்டி, தங்கல் போக, கிளப்புக்கென்று 3,000 ரூபாய் விட்டுப் போனால் 200 பேர் வேண்டும். எட்டு எட்டுப் பேராக வந்தால் 25 குழு. மழை மாதங்கள் போக மீதி பத்து மாதத்தில், ஒரு மாதம் இரண்டு குழு, அடுத்த மாதம் மூன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் போதும். கமிட்டியில் இந்தக் கணக்கைச் சொல்லும்போதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எட்டாத தொகை இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது.

அம்பாசமுத்திரம் பக்கம், மலையடிவாரத்தில் ஒன்பது குழி மைதானம் ஒன்றுக்கு நான் செயலாளர். எங்களைப் போன்ற இடத்துக்கு ஒரு ரவுண்டு ஆடிவிட்டுக் கிளம்புகிறவரால் பிரயோஜனமில்லை. சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறவரை இரண்டு ராத்திரி தங்க வையுங்கள், மூன்று வேளை ஆட வையுங்கள். முழு ஆட்டத்துக்குப் பதினெட்டு குழி, நம்மிடம் ஒன்பதுதானே என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடத்தை, அதாவது 'டீ'யை, இரண்டாக அமைத்துவிட்டால் இரண்டாவது சுற்று வேறு ஆட்டமாகிவிடும்.

தூரத்தையே சரக்காக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். 2009-இல் திறந்த நல்லர்பார் லிங்க்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தில் 18 குழி. கல்கூர்லியிலிருந்து செடுனா வரை 1,365 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஊருக்கு ஒன்றிரண்டு, சாலையோர விடுதிக்கொன்று என்று பரவிக் கிடக்கின்றன. ஒரு குழி ஆடி, அட்டையில் முத்திரை வாங்கி, அடுத்த ஊருக்கு வண்டியை ஓட்ட வேண்டும். கடைசியில் சான்றிதழ் தருகிறார்கள். தரை பெரும்பாலும் வறண்ட மண்தான். வருகிறவர் அந்த வழியையும் ஊர்களையும் சேர்த்தேதான் வாங்குகிறார். நமக்கு வழியில் பத்தமடை இருக்கிறது, தாமிரபரணி இருக்கிறது, எதற்குக் குறைச்சல்?

அறை கட்டாதீர்கள். கட்டிடத்தில் போட்ட காசு மைதானத்தைத் தின்றுவிடும். அம்பாசமுத்திரத்திலோ பாபநாசத்திலோ இருக்கும் லாட்ஜில் பேசி, நான்கு அறையை மொத்தமாக எடுத்துக் கொடுங்கள்.

நிகழ்ச்சியை வெயில்தான் தீர்மானிக்கிறது. வியாழன் ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் வெள்ளி காலை திருநெல்வேலி ஜங்ஷன். அங்கிருந்து வண்டி நம்முடையதாக இருக்க வேண்டும், அதில் சிக்கனம் கூடாது. வழியில் பத்தமடையில் நிறுத்தி, கோரைப்பாய் நெய்கிறவர் வீட்டிலேயே பார்க்கவும் வாங்கவும் விடுங்கள். நடுவில் கமிஷன் எடுக்காதீர்கள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்பது குழி. சனிக்கிழமை விடிந்ததும் பதினெட்டு. பத்தரைக்குள் முடிந்துவிட வேண்டும், அதற்குமேல் எங்கள் வெயிலில் யாரையும் நடக்க வைக்கக் கூடாது. பிறகு அகஸ்தியர் அருவி. வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள், ஆகவே காலையிலேயே வனத்துறை சோதனைச் சாவடியில் விசாரித்துக்கொள்ளுங்கள். மதியம் வாழை இலையில் சொதியும் இஞ்சித் துவையலும் போட்டால், ஓட்டல் பஃபேயை யாரும் கேட்பதில்லை.

ஞாயிறு காலை உறுப்பினர்களுடைய நேரம். அதைப் பறித்து விருந்தாளிக்குக் கொடுத்தால் கிளப்புக்குள் சண்டை வரும். இரண்டு உறுப்பினர், இரண்டு விருந்தாளி என்று சேர்த்து ஆட விடுங்கள். "அண்ணாச்சி, அடுத்த தடவை என் தம்பியையும் கூட்டிட்டு வாரேன்" என்ற பேச்சு அந்த நாலு பேர் நடையில்தான் பிறக்கிறது. எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகாது. சாயங்காலம் திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்கள், கீழரத வீதியில் இருட்டுக்கடை அல்வா, அப்படியே ராத்திரி ரயில்.

குழியைச் சுற்றிப் பந்தை உருட்டித் தட்டும் இடத்துக்கு 'கிரீன்' என்று பெயர். அதைப் புல்லில் வைக்கத் தண்ணீர் இல்லாத கிளப்புகள் மணலில் 'பிரவுன்' வைத்திருக்கின்றன, நாங்களும்தான். இதை மறைக்காதீர்கள், முன்பதிவின்போதே படம் அனுப்புங்கள். மணலைச் சல்லடையில் சலித்துப் பரப்பி, கனமான இரும்புக் குழாயைக் கயிற்றில் கட்டி இழுத்து மட்டம் செய்கிறோம். பந்து இருக்கும் இடத்திலிருந்து குழி வரை கேடி (ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தூக்கி வரும் பையன்) ஒரு தடவை இழுத்துவிடுவான், அந்தத் தடத்தில்தான் தட்ட வேண்டும். புல்லில் பழகியவர்கள் முதல் தட்டில் பாதி தூரம்கூடப் போகாமல் நிற்பார்கள். ஆகவே முதல் நாள் சாயங்காலம் அரை மணி நேரம் பழக விடுங்கள். மணல் பறக்காமலிருக்கக் கழிவு ஆயில் ஊற்றும் பழக்கம் உண்டு. எங்கள் கீழ்ப்பக்கம் கால்வாயும் நெல் வயலும். ஒரு சொட்டும் ஊற்ற விடமாட்டேன், தண்ணீர் தெளித்தால் போதும்.

கேடிகளுக்குக் கூலியை விருந்தாளி கையால் அன்றன்றே கொடுக்கச் சொல்லுங்கள். தொகையை அட்டையில் அச்சடித்துவிட்டால் பேரம் இருக்காது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காற்று, குற்றாலக் கூட்டத்தில் அறை கிடைப்பது கஷ்டம், ஆகவே முன்னமே பிடியுங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் அருமையான மாதங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை குழு எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முன்பணம் பாதி வாங்குங்கள். மழையால் ஆட்டம் நின்றால் அடுத்த தேதிக்கு மாற்றச் சொல்லி இழுத்தடிக்காமல் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.