மார்கழிக் குளிரில் நாய், பூனைகளுக்கு

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். சமவெளியிலும் விடியற்காலையில் டைல்ஸ் தரை சில்லிட்டுவிடும். நாயையும் பூனையையும் வெறும் தரையில் படுக்க விடாதீர்கள். பலகை மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, பழைய போர்வை ஒன்றை விரித்தால் போதும். சாக்கு நனைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள், ஈரச் சாக்கு வெறும் தரையைவிட மோசம்.

குட்டிகள்தான் பாவம். பிறந்த முதல் சில வாரங்களில் அவற்றால் உடல் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் நன்றாகச் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் விலகிப் போக இடமும் இருக்கட்டும்.

குளிப்பாட்டுவதெல்லாம் வெயில் ஏறிய பிறகு, அதுவும் அவசியமென்றால் மட்டும்.

தும்முகிறதே, காய்ச்சலாக இருக்குமோ என்று தயவுசெய்து பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அப்புறம், காலையில் காரை எடுக்கும் முன் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். இன்ஜின் கதகதப்புக்காகத் தெருப்பூனைகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும். சத்தம் கேட்டு இறங்கி ஓட ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.