சரிந்துபோன ஹாக்கி அணியைத் திரும்பக் கட்டுவது எப்படி: டிராஃப்ட், டிரேட், வயதுக் கணக்கு

2016-17 சீசனில் கொலராடோ அவலாஞ்ச் அணி 82 ஆட்டங்களில் 22-ஐத்தான் வென்றது. கிடைத்தவை 48 புள்ளிகள், லீகிலேயே கடைசி இடம். ஐந்து சீசன் கழித்து, 2022 ஜூனில், அதே அணி லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பெரும்பகுதி வேறு யாரும் எடுத்துச் செய்யக்கூடிய வேலை. பொது மேலாளர் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆட்டம் நடக்கும் களம் என்.எச்.எல்., 32 அணிகள் கொண்ட வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக். ஐ.பி.எல். போல இங்கே ஏலம் கிடையாது. பணத்தைக் கொட்டி ஒரே கோடையில் அணியை மாற்றவும் முடியாது. 2025-26 சீசனுக்கு ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 9.55 கோடி டாலர். 7.06 கோடிக்குக் கீழே இறங்கவும் கூடாது. ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய ஒப்பந்தங்கள் 50. ஆட்களைச் சேர்க்க மூன்று வாசல்கள்: டிராஃப்ட் (புதிய இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது; அந்த முறைதான் 'தேர்வு', அதையும் கைமாற்றலாம்), டிரேட் (அணிகள் வீரர்களையும் தேர்வுகளையும் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது), ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வரும் வீரர்கள். மூன்றாவது வாசல் தோற்கும் அணிக்குப் பாதி மூடியே இருக்கும், ஏனென்றால் தன் இஷ்டத்துக்கு அணியைத் தேர்ந்தெடுக்கக்கூடிய நல்ல வீரர் ஜெயிக்கிற இடத்தைத்தான் தேடுவார். ஆகவே முதல் இரண்டு வாசல்கள்தான் உங்களுக்கு.

முதல் வேலை: வயதை எழுதுவது

ஒரு தாளில் எல்லா வீரர்களையும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, சம்பளம், டிரேடை மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பது. பிறகு அணி மீண்டும் போட்டிபோட வேண்டிய சீசனைக் குறியுங்கள். அடிமட்டத்திலிருந்து என்றால் நான்கு ஆண்டுக்குக் குறைவாகக் குறிக்காதீர்கள். அந்த சீசனில் ஒவ்வொருவருக்கும் என்ன வயதாகும் என்று கடைசிப் பத்தியில் எழுதுங்கள்.

முடிவுகள் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்தியிலேயே கிடைத்துவிடும். முன்கள வீரர் இருபதுகளின் நடுவில் உச்சத்தில் இருப்பார், தடுப்பாட்டக்காரர் கொஞ்சம் பிந்துவார், கோல் காவலர் இன்னும் பிந்துவார். குறித்த சீசனில் முப்பதைத் தாண்டியிருப்பவர் இன்று எவ்வளவு நன்றாக ஆடினாலும் விற்கவேண்டியவர்தான். நன்றாக ஆடுகிறார் என்பதே அவரை இன்று விற்பதற்குக் காரணம்.

கொலராடோ கோப்பை வென்ற ஜூனில் நேதன் மக்கினனுக்கு 26 வயது, மிக்கோ ரான்டனனுக்கு 25, கேல் மக்காருக்கு 23, தலைவர் காப்ரியல் லாண்டஸ்காக்குக்கு 29. எல்லாப் பயிரும் ஒரே அறுவடைக்கு முற்றியிருந்தது. 2017 நவம்பரில் அவர்கள் விற்ற மாட் டுஷேனுக்கு அப்போது 26 வயது, நட்சத்திரம். அணியிலேயே இருந்திருந்தால் 2022 ஜூனில் 31 ஆகியிருக்கும்.

இந்தக் கணக்கைப் போடாத அணி அரைக்கிணறு தாண்டும். ஒருபக்கம் இளைஞர்களைச் சேர்க்கும், மறுபக்கம் 29 வயதுக்காரருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கும். இளைஞர்கள் முற்றும்போது அவருக்கு 33 ஆகிவிடும், சம்பளம் மட்டும் அப்படியே நிற்கும்.

விற்பது

ஒப்பந்தம் முடிய இன்னும் ஓர் ஆண்டாவது இருக்கும்போது விற்பது நல்லது, ஏனென்றால் வாங்குபவருக்கு இரண்டு பிளேஆஃப் கிடைக்கும், விலையும் ஏறும். அது முடியாவிட்டால் டிரேடுக்கான கடைசி நாள் இருக்கிறது. அது பெரும்பாலும் மார்ச் முதல் வாரம் வரும். கோப்பைக் கனவில் இருக்கும் அணிகள் அப்போது அடுத்த மூன்று மாதத்துக்காக எதிர்காலத்தைக் கொடுக்கும். முதல் வரிசை (மூவர் மூவராக மாறிமாறி இறங்கும் நான்கு முன்களக் குழுக்களில் சிறந்தது) முன்கள வீரருக்கு முதல் சுற்றுத் தேர்வும் ஓர் இளம் வீரரும் கேட்கலாம். நடுத்தர வீரருக்கு இரண்டாம் சுற்று, நான்காம் வரிசைக்காரருக்கு நான்காம் அல்லது ஐந்தாம் சுற்று. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். ஜூலை 1 தாண்டினால், ஒப்பந்தம் முடிந்த அந்த வீரர் உங்களுக்கு ஒரு காசு தராமல் கிளம்பிவிடுவார்.

விலையை ஏற்ற ஒரு கருவி, சம்பளத்தில் பங்கு ஏற்பது. 60 லட்சம் டாலர் வாங்கும் வீரரின் சம்பளத்தில் பாதிவரை நீங்களே சுமக்கலாம். உச்சவரம்பு கழுத்தை நெரிக்கும் அணிக்கு 30 லட்சத்தில் அவர் கிடைப்பார், நீங்கள் கூடுதலாக ஒரு தேர்வு கேட்கலாம். ஓர் அணி ஒரே சமயத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்குத்தான் இப்படிச் செய்யலாம். அந்த மூன்றையும் சில்லறை வீரர்களுக்குச் செலவழித்துவிட்டுப் பெரிய டிரேட் வரும்போது கையைப் பிசைவது அடிக்கடி நடக்கும் தவறு. அதேபோல, பங்கேற்ற ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள். நீங்கள் போட்டிபோட வேண்டிய சீசன்வரை அந்தச் சுமை நீளக்கூடாது.

டிரேடை மறுக்கும் உரிமையும் பலருக்கு இருக்கும். சிலரிடம் முழு மறுப்பு, சிலரிடம் போகச் சம்மதிக்கும் பத்து அணிகள் கொண்ட பட்டியல். பட்டியலை ஜனவரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் இரண்டே அணிகள் மிஞ்சினால் விலை பாதியாகும்.

எதைக் கேட்பது என்பதில்தான் திறமை தெரியும். டுஷேன் விஷயத்தில் கொலராடோவின் அன்றைய பொது மேலாளர் ஜோ சாகிக் அவசரப்படவில்லை. டுஷேன் போக விரும்புகிறார் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் சரியான விலை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார். மூன்று அணிகள் சேர்ந்த டிரேடில் சாமுவேல் ஜிரார் என்ற 19 வயதுத் தடுப்பாட்டக்காரரும் ஒட்டாவாவின் முதல் சுற்றுத் தேர்வும் உள்ளிட்ட ஒரு மூட்டையே வந்தது. ஒட்டாவா 2018-ஆம் ஆண்டுத் தேர்வைத் தானே வைத்துக்கொண்டு 2019-ஐக் கொடுத்தது. 2018-19-இல் ஒட்டாவா லீகின் கடைசி இடத்துக்கு விழுந்தது. கொடுத்த தேர்வு நான்காம் இடமாக மாறி, போவன் பைரம் கொலராடோவுக்கு வந்தார்.

அதே ஒட்டாவா எதிர்ப்பக்கத்திலும் நின்றிருக்கிறது. 2018 செப்டம்பரில் எரிக் கார்ல்சனை சான் ஹோசேவுக்கு விற்றபோது 2020-ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வும் சேர்ந்து வந்தது. சான் ஹோசே சரிந்தது. அந்தத் தேர்வு மூன்றாம் இடமாகி டிம் ஸ்டூட்ஸ்லே ஆனது. இதிலிருந்து நேரான விதி ஒன்று: வாங்கும் அணிக்கு வயதாகிக்கொண்டிருந்தால் இந்த ஆண்டுத் தேர்வைக் கேட்காதீர்கள், இரண்டாண்டு தள்ளிக் கேளுங்கள். 'முதல் பத்துக்குள் வந்தால் எங்களுக்கே' என்ற பாதுகாப்பு நிபந்தனையை அவர்கள் போட முயல்வார்கள். அதை நீக்குவதற்காக ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வை விட்டுக்கொடுத்தாலும் தகும்.

வெறும் இடத்தையும் விற்கலாம்

மட்டமான அணிக்கு உச்சவரம்பில் இடம் காலியாக இருக்கும். அதுவே ஒரு சரக்கு. 2019 ஜூனில் டொராண்டோ, பேட்ரிக் மார்லோவின் 62.5 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கூடவே ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கரோலைனாவுக்குக் கொடுத்தது. ஓராண்டுதான் மிச்சமிருந்த ஒப்பந்தம் அது. கரோலைனா அதைப் பணம் கொடுத்து முடித்துவைத்தது. தேர்வு 2020-இல் 13-ஆம் இடமாக வந்தது, சேத் ஜார்விஸ் கிடைத்தார். ஓராண்டு, மிஞ்சிப்போனால் இரண்டாண்டு மிச்சமுள்ள ஒப்பந்தங்களை மட்டும் இப்படி ஏற்றுக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட்

ஏழு சுற்றுகள், சுற்றுக்கு 32 தேர்வுகள். பிளேஆஃபுக்குப் போகாத 16 அணிகளும், முதலில் யார் எடுப்பது என்று தீர்மானிக்கும் லாட்டரியில் இருக்கும். இப்போது இரண்டு குலுக்கல்கள். வெல்லும் அணி பத்து இடத்துக்கு மேல் ஏற முடியாது. கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம்தான், ஆனால் மூன்றுக்குக் கீழே போகாது. அதாவது நான்கில் மூன்று தடவை கைநழுவும். வேண்டுமென்றே தோற்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்று சொல்வதற்கு இந்த எண் ஒன்றே போதும். குலுக்கல் மூன்றாக இருந்த காலத்தில், 2017-இல் 48 புள்ளி கொலராடோவும், 2020-இல் 39 புள்ளி டெட்ராய்ட்டும் கடைசியாக வந்து நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டன.

கொலராடோ அந்த நான்காம் இடத்தில் எடுத்தது கேல் மக்காரை. ஆல்பர்ட்டாவில் இரண்டாம் நிலை ஜூனியர் லீகில் ஆடிய, உயரம் குறைந்த தடுப்பாட்டக்காரர். முதல் சுற்றில் அணிக்கு எந்த இடம் காலி என்று பார்க்காதீர்கள். இருப்பதில் சிறந்தவரை எடுங்கள், ஏனென்றால் அவர் முற்றும்போது காலியிடம் வேறாக இருக்கும். மதிப்பு ஒத்த இரண்டுபேர் இருந்தால் சென்டர் (முன்களத்தின் நடுவில் ஆடுபவர்), பிறகு தடுப்பாட்டக்காரர், கடைசியாக விங்கர் (முன்களத்தின் ஓரத்தில் ஆடுபவர்). சென்டரை விங்கராக ஆடவைக்கலாம், மறுதலையாக முடிவது அரிது.

கோல் காவலருக்கு முதல் சுற்றைச் செலவழிக்க வேண்டாம். பதினெட்டு வயதில் அவர்களைக் கணிப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். கானர் ஹெல்லபக் 2012-இல் 130-ஆவது, இகோர் ஷெஸ்டர்கின் 2014-இல் 118-ஆவது. ஆண்டுக்கு ஒருவரை நான்காம், ஐந்தாம் சுற்றில் எடுத்து வளரவிடுங்கள்.

பின் சுற்றுகளில் எண்ணிக்கைதான் பலம். நிகிதா குச்செரோவ் 58, பிரேடன் பாயிண்ட் 79, கிரில் கப்ரிசோவ் 135. யாரும் தீர்க்கதரிசி இல்லை, ஒவ்வொரு அணியும் அவர்களைக் கடந்துபோனது, எடுத்த அணியும் உட்பட. பின் சுற்றில் உடல் பருமனைப் பார்த்து எடுக்காதீர்கள். வேகமும் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) கையாளும் திறமும் இருந்து, உயரம் மட்டும் குறைவாக இருப்பவர் அங்கேதான் மலிவாகக் கிடைப்பார். பிறந்த தேதியையும் பாருங்கள். செப்டம்பர் 15-க்குள் 18 நிறைய வேண்டும் என்பது விதி. ஆகஸ்ட் மாதம் பிறந்தவர், முந்தைய ஆண்டு அக்டோபரில் பிறந்தவரோடு ஒரே பட்டியலில் நிற்கிறார். பத்து மாத வளர்ச்சி அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

பிஞ்சில் பறிப்பது

எடுத்த பையனை உடனே களத்தில் இறக்கத் துடிப்பீர்கள், ரசிகர்களும் கேட்பார்கள். ஒப்பந்த விதிகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். முதல் ஒப்பந்தம் மூன்றாண்டு, மலிவானது. 18, 19 வயதுக்காரர் அந்த சீசனில் என்.எச்.எல்.-இல் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். ஒன்பது ஆட்டம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவது இதனால்தான். மேலும், 27 வயது அல்லது ஏழு சீசன், எது முந்துகிறதோ அப்போது வீரர் முழுச் சுதந்திரம் பெறுவார். பதினெட்டிலேயே நிரந்தர இடம் கொடுத்தால் 25-இல், உச்சத்தில் நுழையும்போது, அவர் கிளம்பலாம்.

மக்கார் டிராஃப்டுக்குப் பிறகு இரண்டாண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு 2019 பிளேஆஃபில்தான் வந்தார். அடுத்த ஆண்டே சிறந்த புதுமுகம்.

எட்மன்டனைப் பாருங்கள். 2010, 2011, 2012, 2015 என ஆறு ஆண்டில் நான்கு முதல் தேர்வுகள். 2006-07 முதல் பத்து சீசன் பிளேஆஃப் இல்லை. அந்த நாட்களில் செய்த ஒரு டிரேட் பாடமாக நிற்கிறது: 2015-இல் 16-ஆம், 33-ஆம் தேர்வுகளை ஐலண்டர்ஸ் அணிக்குக் கொடுத்து கிரிஃபின் ரைன்ஹார்ட் என்ற இளம் தடுப்பாட்டக்காரரை வாங்கினார்கள். அந்த ஆண்டு முதல் தேர்வில் கானர் மக்டேவிட் வருகிறாரே, இனி காத்திருக்க வேண்டாம் என்ற அவசரம் அதில் தெரிகிறது. 16-ஆம் தேர்வில் ஐலண்டர்ஸ் எடுத்தது மேத்யூ பார்சலை. மூன்றே ஆண்டில் அவர் சிறந்த புதுமுகம். ரைன்ஹார்ட் நிலைக்கவில்லை.

பஃபலோ இன்னும் வருத்தம் தரும் கதை. 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன் பிளேஆஃப் பார்க்கவில்லை. இரண்டு முதல் தேர்வும் இரண்டு இரண்டாம் தேர்வும் கையில் இருந்தும் அப்படி. 2013-க்கும் 2021-க்கும் நடுவே ஆறு பயிற்சியாளர்கள். ரயன் ஓ'ரைலியை 2018-இல் விற்றார்கள், அடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸுக்குக் கோப்பை வென்று கொடுத்து பிளேஆஃபின் சிறந்த வீரரானார். ஜாக் ஐக்கல் 2021-இல் வேகாஸ் போய் 2023-இல் கோப்பையைத் தூக்கினார். திறமை அங்கே இருந்தது. கற்றுக்கொடுக்கும் மூத்தவர்களும், ஒரே முறையில் இரண்டு மூன்று ஆண்டு ஆடும் வாய்ப்பும் இல்லை. ஆகவே விற்பனையின்போது நான்கைந்து மூத்த வீரர்களை, ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில், வேண்டுமென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவராவது தடுப்பாட்டக்காரராக இருக்கட்டும். பயிற்சியாளரையும் பொறுங்கள். கொலராடோவின் 48 புள்ளி சீசன்தான் ஜாரட் பெட்னாரின் முதல் சீசன். அவரை அனுப்பவில்லை, அவரேதான் 2022-இல் பெஞ்சுக்குப் பின்னால் நின்றார்.

திரும்ப வாங்கத் தொடங்குவது

அறிகுறிகள் இரண்டு: உங்கள் முதல் இரண்டு வரிசைகள் 25 வயதை ஒட்டி நின்று பிளேஆஃபுக்கு இழுத்துச் செல்கின்றன, இளைஞர்களின் மலிவு ஒப்பந்தங்கள் முடிய ஓரிரு ஆண்டு இருக்கிறது. அந்த இடைவெளியில் வாங்குங்கள். மக்கினன் 2016-இலேயே ஆண்டுக்கு 63 லட்சம் டாலருக்கு ஏழாண்டு கையெழுத்திட்டிருந்தார். அவர் உச்சத்துக்கு வந்தபோது அதே ஆட்டத்துக்குச் சந்தையில் அதைவிட எவ்வளவோ கூடுதல் விலை. மிச்சப்பட்ட அந்தப் பணத்தில்தான் மற்றவர்களைக் கொண்டுவர முடிந்தது. உங்கள் சிறந்த இளைஞரின் இரண்டாம் ஒப்பந்தத்தை, அவர் வெடிப்பதற்கு முன்பே, நீளமாகப் போடுங்கள்.

வாங்கும்போது உச்சவரம்பில் சிக்கித் தவிக்கும் அணிகளின் வாசலில் நில்லுங்கள். 2020 அக்டோபரில் ஐலண்டர்ஸ் அப்படித் தவித்தபோது, இரண்டே இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்கு டெவன் டேவ்ஸ் கொலராடோவுக்கு வந்தார். மக்காரோடு இணைந்து ஆடும் தடுப்பாட்டக்காரர் அவர்தான்.

2022 மார்ச்சில் மான்ட்ரியாலிடமிருந்து ஆர்ட்டுரி லேக்கனனை வாங்க, 2020-இல் 25-ஆவதாக எடுத்த ஜஸ்டின் பாரனையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தார்கள். ஜூன் 26 அன்று டாம்பாவில், இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் 2-1 என்று முடிந்தது. கோப்பையைத் தந்த அந்த இரண்டாவது கோலை அடித்தவர் லேக்கனன்.