பிக்கப் வண்டியில் 'டிக் டிக்' சத்தமா?

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை லேசாக மிதியுங்கள். சத்தமும் கூடவே வேகமெடுத்தால் கோளாறு எஞ்சின் பக்கம். ஆயில் அளவைப் பாருங்கள்.

ஓடும்போது மட்டும் கேட்டால், முதலில் டயர் பள்ளத்தில் கல் சிக்கியிருக்கிறதா பாருங்கள். பல நேரம் அவ்வளவுதான். ஒடித்துத் திருப்பும்போது டக் டக்கென்றால், ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்பக்க சி.வி. ஜாயின்ட்டை (முன் சக்கரத்தைச் சுழற்றும் அச்சில் உள்ள, வளைந்து கொடுக்கும் இணைப்பு) சந்தேகிக்கலாம். அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும்.

கியர் போட்டுக் கிளம்பும்போது 'டங்'கென ஓர் அடி விழுகிறதா? எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) கையால் திருகிப் பாருங்கள். அதன் முனையில் மடங்கும் இணைப்பான யு ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஓட்டத்தில் ஷாஃப்ட் கழன்று விழுந்தால் பெரிய ஆபத்து.