எந்தக் கடற்கரைக்குப் போகலாம்? புதுச்சேரியா, கடலூரா?

முதலில், கூட வருவது யார் என்று பாருங்கள். மணலில் நடக்க முடியாத பெரியவர்கள் என்றால் புதுச்சேரி ராக் பீச்தான். மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். முட்டிவலியோடு என் அம்மாவே காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி நடந்துவிடுவார். கால் நனைக்கத்தான் வழி குறைவு, கரை பெரும்பாலும் கருங்கல். 1980களில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புகள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை நிறுத்திவிட்டன. வடபக்கக் கரையைக் கடல் அரித்துவிட்டது. தலைமைச் செயலகம் பக்கம் மட்டும் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

பிள்ளைகள் மணலில் புரள வேண்டுமா? கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். என் ஓட்டு இதற்குத்தான், சொந்த ஊர்ப் பாசமும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையைத் தவிருங்கள். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக் கூட்டம். சாமி பார்க்க வேண்டுமென்றால் மட்டும் போங்கள்.

சுண்ணாம்பாறு பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போக வேண்டும், கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். அலைச்சறுக்கு பழக கோட்டக்குப்பம் செரினிட்டி பீச்.

எங்கே போனாலும் விடியற்காலை நல்லது. நம் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், கடல் முரடாக இருக்கும், கரையோடு நின்றுகொள்ளுங்கள். இன்னொன்று: இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள்.