கிளுவை வேலி ஓரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்

காங்கயம், மூலனூர், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) குடியிருப்பவர்கள் காட்டுயிர்களைப் பார்க்க முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ போக வேண்டியதில்லை. கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும், அதைச் சுற்றிக் கிளுவை முள்செடியால் ஆன உயிர்வேலியும் போதும். கௌதாரி, கீரி, உடும்பு, முயல், பனங்காடை, ஆள்காட்டி எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன, நாம் நடந்துகொண்டே இருப்பதால் நம் காலடிச் சத்தத்துக்கு முன்னாலேயே ஒதுங்கிவிடுகின்றன. அதனால் முதல் வேலை, தேடி அலைவதை நிறுத்துவது.

உட்காரும் இடத்தை வேலியே காட்டிக் கொடுக்கும். பழைய கிளுவை வேலியின் அடியில் ஆங்காங்கே சின்னச் சந்து இருக்கும். அதில் புல் மடிந்து மண் தேய்ந்து கிடந்தால் ஏதோ ஒன்று அடிக்கடி நுழைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். அங்கிருந்து 30 அடி தள்ளி, ஒரு வெள்வேல மரத்தில் சாய்ந்தபடி, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு உட்காருங்கள். காற்று உங்களிடமிருந்து அந்தச் சந்துப் பக்கம் அடிக்கக் கூடாது, கீரிக்கும் முயலுக்கும் மூக்கு கூர்மை. வெள்ளை வேட்டி, பளிச்சென்ற சட்டை வேண்டாம். நாயை வீட்டில் கட்டிவிட்டு வாருங்கள், போனைச் சத்தமில்லாமல் வையுங்கள், அவ்வளவுதான் ஏற்பாடு. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

முதல் கால் மணி நேரம் ஒன்றுமே நடக்காது, எழுந்து போய்விடாதீர்கள். உங்களைப் பார்த்துக் கத்திய பறவைகள் அடங்கி மறுபடி மேய ஆரம்பித்த பிறகுதான் உண்மையான நேரம் தொடங்குகிறது.

இனி கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். தவிட்டுக் குருவிகள் கூட்டமாகச் சருகைப் புரட்டும்போது ஒன்று மட்டும் மேலே கிளையில் காவலுக்கு நிற்கும். திடீரென்று எல்லாம் சேர்ந்து ஒரே புதரைக் குனிந்து பார்த்துக் கத்தினால் அங்கே பாம்போ, பூனையோ, கீரியோ இருக்கிறது. அணில் வாலை உதறிக்கொண்டு விடாமல் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்துவதும் அதே செய்திதான். ரெட்டைவால் குருவி மேலே எழும்பித் துரத்தினால் வானத்தைப் பாருங்கள், வல்லூறோ காக்கையோ வந்திருக்கும். எந்தக் கத்தல் கேட்டாலும் எழுந்து ஓடாதீர்கள், தலையை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். சாரைப்பாம்பு வேலிக்குள் ஏறிப் போவதைப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இந்தக் கத்தலைப் பின்பற்றுவதுதான்.

அப்புறம், மாடு மேய்கிற பக்கம் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. கொழுக்கட்டைப் புல்லை மாடு மிதிக்க மிதிக்க வெட்டுக்கிளி எழும்பும், அதைப் பிடிக்க உண்ணிக்கொக்கும் மைனாவும் ரெட்டைவால் குருவியும் மாட்டோடு மாடாக நடந்து வரும். அவற்றின் கவனம் முழுக்கப் பூச்சி மேல் இருக்கும்போது உங்களை அதிகம் பொருட்படுத்தாது.

நேரம் என்றால், விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம், சாயங்காலம் நாலரைக்கு மேல். பொந்துள்ள பழைய மரம் இருந்தால் இருட்டும் முன்பே புள்ளி ஆந்தை வாசலுக்கு வந்து தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களைப் பார்க்கும். கோடையில் மத்தியானம்கூட வேண்டியதைப் பார்க்கலாம், தண்ணீர் வைத்தால். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் இல்லாத மண் தட்டு, நடுவில் ஒரு கல், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். பூனை பதுங்க முடியாதபடி வேலியிலிருந்து சற்றுத் தள்ளி, நிழலில் வையுங்கள்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெறும் தரையில் கால் வைக்கும்போது கவனம். ஆள்காட்டி பொட்டல் மண்ணில், கூழாங்கல் நிறத்தில், பெரும்பாலும் நான்கு முட்டை இடும். தலைக்கு மேல் பறந்து கத்தினாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் நடித்தாலோ முட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது வெயிலில் முட்டைக்கு நிழலாக நிற்க வேண்டிய பறவை, சில சமயம் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்துகூட முட்டையைக் குளிர்விக்கும். நாம் போட்டோவுக்காக நிற்கும் பத்து நிமிடம் அதற்குப் பெரிய இழப்பு. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். இல்லாத எதிரியோடு சண்டை போட்டு அதன் சக்தி வீணாகும்.

ராத்திரி போவதானால் மூடிய ஷூ, டார்ச் கட்டாயம், கண்ணாடி விரியன் பெரும்பாலும் இருட்டில்தான் நடமாடும். நடக்க வெள்ளை வெளிச்சம், உட்கார்ந்த பிறகு டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளலாம், முயலும் மரநாயும் அதற்கு அவ்வளவாக மிரளாது.

வேலியில் கண்ணியைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உடும்பு, கௌதாரி, முயல் எல்லாமே 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வீட்டில் யாராவது கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடலாம் என்றால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். கம்பிக்குள் கீரி குட்டி போடாது, கௌதாரி ஒளியாது.

பார்த்ததைத் தேதி, நேரம், இடத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும்போது குறைந்தது 15 நிமிடம் உட்கார்ந்து, பார்த்த பறவைகளை இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் உங்கள் கொரங்காடும் கணக்கில் வரும்.